தவசிமுத்துவின் முதல் 'முடியாது'

"முடியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான். எங்க, சொல்லுங்க பாப்போம்!" என்றார் மனநல ஆலோசகர் ஆனந்தவல்லி.

"சரி மேடம்" என்றார் தவசிமுத்து.

ராஜபாளையம் நூல் மில்லில் ஃபிட்டர் அவர். மல்லுக்கட்டும் எந்த மெஷினையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். மனுஷன் வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டால் மட்டும் அவர் வாயிலிருந்து "சரி" என்று விழுந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் பஸ் ஏறி வருவது இது மூன்றாவது வாரம்.

"ஆளுமைக் கோளாறோன்னு போன வாரம் பயந்தீங்களே, அதெல்லாம் இல்ல. அடுத்தவங்க கோவிச்சுக்கிடுவாங்களோங்கிற பதற்றம். பழகப் பழகச் சரியாயிரும். ஞாயித்துக்கெழம என்ன விசேஷம்?"

"பத்து மணிக்கு மகளுக்குக் காதுகுத்து, மேடம். அதே பத்து மணிக்கு மில்லுக்கு வாரேன்னுட்டேன். பக்கத்து வீட்டு ஐயாதுரை அண்ணன் பொண்ணு பாக்கப் போறதுக்கு வேன் ஓட்டவும் வாரேன்னுட்டேன்."

"வீட்ல என்ன சொல்லுதாங்க?"

"நான் இல்லாம காது குத்துனா, புள்ளயத் தூக்கிக்கிட்டு மம்சாபுரத்துல அவ அம்மா வீட்டுக்குப் போயிருவாளாம். திரும்ப வரமாட்டாளாம்."

"இப்பவே ஐயாதுரைக்குப் போனப் போடுங்க!"

போட்டார்.

"தவசி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆளு ஜாஸ்தி. ரெண்டு நடை அடிப்பமா?"

"சரிண்ணே."

ஆனந்தவல்லி தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு என்னன்னு யோசிக்கிறதாலதான் வம்பு. இனி யாரு கூப்பிட்டாலும், எடுத்த ஒடனே சொல்லிருங்க."

போன் அடித்தது. தவசிமுத்து கண்ணை இறுக மூடினார்.

"முடியாது! ஞாயித்துக்கெழம என்னால வரவே முடியாது!"

மறுமுனையில் மனைவி மாரிசெல்வியின் குரல் கேட்டது. "காதுகுத்துக்கா? சரி. நான் பையக் கட்டுதேன்."

தவசிமுத்து கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார்; லைன் கட்டாகியிருந்தது. திரும்பக் கூப்பிடுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. மில் சூப்பர்வைசர் விஜயபாண்டி. அவர் ஒரு சத்தம் போட்டால் மெஷின் இரைச்சலே அடங்கிப்போகும்.

"ஏலே தவசி, ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கே வந்துரு!"

'ச' என்பது வரைக்கும் நாக்கு வந்துவிட்டது. புதுக் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வீடு முழுக்கக் குதித்தது ஞாபகம் வந்தது.

"முடியாது, அண்ணாச்சி."

"என்னது?"

"முடியாது! எம்புள்ளைக்குக் காதுகுத்து. நான் வரமாட்டேன்!"

தவசிமுத்து போனை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஃபேன்கூட அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வேகத்திலேயே ஐயாதுரைக்குப் போட்டு, "வேற டிரைவரப் பாருங்கண்ணே" என்றார். மனைவிக்குப் போட்டு, "பையப் பிரிடி, ஒம்பது மணிக்கே கோயில்ல நிப்பேன்!" என்று கத்தினார். அவள் அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. இவருக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

"சொல்லிட்டேன் மேடம்! சொல்லிட்டேன்!"

ஆனந்தவல்லி எழுந்து நின்று கைதட்டினார்.

அப்போது ரிசப்ஷன் பெண் இந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம், விஜயபாண்டின்னு ஒருத்தரு போன்ல கெடந்து பதறுதாரு. பதற்றம் அவருக்குத்தானாம், இங்க வரக் கூச்சப்பட்டுக்கிட்டு மூணு வாரமா இவர அனுப்பி வச்சாராம்; இவரே முடியாதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா, இனிமே அவருக்குப் பதிலா வைத்தியத்துக்கு யாரு வருவான்னு கேக்காரு!"