மூன்று பாஷையில் பாஸான திருடன்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நல்ல டாக்டரைத் திருடன் என்று திட்டியிருக்கிறேன். அதே நாளில் ஒரு அசல் திருடனை ‘தம்பி’ என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம்கூட இல்லை.

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. அளவு பார்க்கும் கேஜில் பாகம் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். (பதினோரு வருஷம் இதையே செய்தால் மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும்.) ஒருநாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். எங்கள் மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து எல்லாருடைய பெயர், போன் நம்பர், பாலிசி நம்பர் எல்லாம் திருடு போய்விட்டதாம். மோசடிக்காரர்கள் கூப்பிடலாம், ஜாக்கிரதை என்றது காகிதம். எனக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை! கேண்டீனில் ஆளைக் கூட்டி என் சொந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தேன்.

“போன் வந்தா தமிழ்ல ஆரம்பிங்க. நடுவுல கன்னடத்துல சாப்டியான்னு கேளுங்க, தெலுங்குல நல்லாருக்கியான்னு கேளுங்க. மூணுக்கும் பதில் சொன்னா நம்ம ஊர் ஆளு. முழிச்சா திருடன்!”

எல்லாரும் கைதட்டினார்கள். நான் பூரித்துப்போனேன்.

அடுத்த வாரமே என் கணவர் முனிராஜுக்குக் கிட்னிக் கல் ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இன்சூரன்ஸ் சம்மதம் பதினொரு மணிக்குள் வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் அடுத்த வாரம்தான். அதுவரை அந்த வலியோடு கிடக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வார்டில் என் போன் அடித்தது.

“மேடம், இன்சூரன்ஸ்ல இருந்து டாக்டர் பேசறேன். பேஷண்ட்டுக்கு முன்னாடி எப்ப கல் வந்துச்சு?” இந்தி வாடை அடிக்கும் தமிழ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாட்டினான்!

“ஊட்ட ஆய்த்தா?” என்று கன்னடத்தில் சாப்பாட்டைக் கேட்டேன்.

“மேடம்?”

“பாகுண்டாரா?” என்று தெலுங்கில் நலம் கேட்டேன்.

“மேடம், புரியலை. சந்தேகம்னா வெச்சிடுங்க, கார்டுல இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க...”

“எந்த ஊர்லருந்துடா திருட வர்றே!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு நம்பரை பிளாக் செய்தேன். படுக்கையிலிருந்து முனிராஜ், “யாரு செல்வி?” என்றார். “ரிஜெக்ட்!” என்றேன் பெருமையாக.

பத்து இருபதுக்கு இன்னொரு போன். “அக்கா, இன்சூரன்ஸ்லருந்து பேசறேன். மூக்கண்டப்பள்ளிதான நீங்க?” பாலிசி நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தான். சாப்பாட்டைக் கேட்டேன், “ஆய்த்து அக்கா” என்றான். நலம் கேட்டேன், “பாகுண்டாமு” என்றான். அப்படியே கேஜில் வழுக்கிக்கொண்டு போனான்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ‘தம்பி, தம்பி’ என்று ஆபரேஷன், பதினொரு மணி, கணவரின் பசி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இப்பவே பாஸ் பண்ணிடறேன் அக்கா. ஓடிபி வரும், சொல்லுங்க. போனை மட்டும் வெச்சிடாதீங்க.”

வந்தது. “ஏழு... மூணு... மூணு... ஒண்ணு...”

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க் பெண் ஓடிவந்தாள். “அக்கா! கம்பெனி டாக்டர் உங்களக் கூப்ட்டாராம், நீங்க திருடன்னு திட்டி பிளாக் பண்ணிட்டீங்களாம். அவர்கிட்ட பேசாம சம்மதம் வராது!”

“அப்ப இது யாரு?” என்றேன்.

முனிராஜ் ட்ரிப்ஸ் கையோடு எழுந்து போனைப் பிடுங்கி கட் செய்தார். மீதி இரண்டு எண்கள் என் வாயிலேயே நின்றன. கார்டில் இருந்த நம்பரைத் தேடிக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த ஒன்றரை இந்தி வார்த்தையில் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ரெண்டே கேள்வி கேட்டார். சம்மதம் வந்தபோது மணி பதினொன்றே கால். எங்கள் முறை வேறொருவருக்குப் போயிருந்தது. டெஸ்க் பெண் சர்ஜனிடம் கெஞ்சியதால் சாயங்காலம் கடைசி ஆளாகக் கல்லை எடுத்தார்கள். அதுவரை அந்த மனுஷன் பட்டினி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த பாஷையில் யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, கார்டில் அச்சடித்த நம்பருக்கு நாங்களே கூப்பிடுகிறோம். ஆனால் பக்கத்துப் பேரிகை ஊரிலிருந்து அவர் சொந்தக்காரர்கள் வந்து பந்தி போட்டு உட்கார்ந்தால், நான் இட்லி வைக்கவைக்க முனிராஜ் எண்ணுவார். நாலாவது விழுந்ததும் தட்டைக் கையால் மறைத்து, “போதும் செல்வி, மீதி ரெண்டை யார்கிட்டயும் சொல்லாத” என்பார். பந்தியே சிரித்து உருளும். நானும் சிரித்துக்கொண்டே மறைத்த கையை விலக்கி ரெண்டையும் வைத்துவிடுவேன். அன்றைக்குப் பட்டினி போட்ட கை இது.