குலுங்காத காரில் ஏறிய ராஜா

ஒரு காட்டில் எனக்கு முதலில் துரோகம் செய்தவன் நரி தங்கப்பழம். கரடியாகிய என் குகைக்குப் போகும் மலை ரோட்டைப் போட்ட காண்டிராக்டர் அவன். மண்மேல் தாரைப் பூசிவிட்டுப் போனான். முதல் மழையில் அது ஓடையோடு போய்விட்டது. மிஞ்சியது பள்ளம்தான். என் பழைய காரில் அந்த ரோட்டில் வந்து வந்து, என் பெண்டாட்டி பேச்சிக்கனிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உங்க கார்ல வர்றதுக்கு மலையிலருந்து உருண்டே வந்திரலாம். குலுக்காமக் கூட்டிட்டுப் போக முடிஞ்சா வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சிங்கராஜாவிடம் புகார் சொன்னேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கோடை போனது, அவர் வரவில்லை. ரோடு திருந்தாது, காரையாவது திருத்துவோம் என்று உடும்பு சங்கிலியிடம் கொண்டுபோனேன். ஜாக்கி வைக்காமலே காருக்கு அடியில் போகிற மெக்கானிக் அவன்.

"எல்லாம் புதுசாப் போட்டா, காரை வித்துத்தான் கூலி கொடுப்பீங்க அண்ணாச்சி" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"என்கிட்ட இருக்கிறது தேனடைதான்."

"அப்பத் தேனடைக்குத் தக்க வேலை. இணைப்புல இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் பொடியாப் போச்சு, அதை மாத்தினாலே பாதி ஆட்டம் நின்னுரும். குலுக்கலைத் தாங்குற ஷாக் அப்சார்பர் முன்னாடிக்கு மட்டும் புதுசு. பின்னாடிக்குக் காயலான் கடையில நல்ல ஜோடி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அக்கா மடியில தேன் கிண்ணத்தை வச்சுக்கிட்டே வரலாம்."

அவன் பொய் சொல்லவில்லை. கார் தண்ணீரில் மிதப்பதுபோல் போனது.

பேச்சிக்கனியை அழைத்துவரக் கிளம்பிய காலையில், மலையடியில் ராஜா நின்றார். பக்கத்தில் தங்கப்பழம்.

"ரோட்டைப் பார்க்கத்தான் வந்தோம் அண்ணாச்சி. புகார் சொன்னவர் கார்லயே போறதுதானே நியாயம்?" என்றான் தங்கப்பழம்.

நானும் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டேன். ஒரு பள்ளத்தையும் விடாமல் இறக்கினேன். ஓரமாகக் கிடந்த பள்ளத்தையும் தேடிப்போய் இறக்கினேன். இரண்டாவது வளைவில் ராஜா கொட்டாவி விட்டார். மூன்றாவது வளைவில் குறட்டை விட்டார். குகை வாசலில் நிறுத்திய பிறகுதான் கண் விழித்தார்.

"இது என்ன ரோடா, தொட்டிலா?" என்றார்.

"ரோடு இல்ல ராஜா, அது ஷாக் அப்சார்பர்."

"ரோட்டுக்கு ஷாக் அப்சார்பர் வேற போட்டிருக்கானா?"

"நம்ம கடமை ராஜா" என்று தங்கப்பழம் குனிந்தான்.

"கொஞ்சம் இறங்கி நடந்து பாருங்க ராஜா" என்றேன்.

"யோவ், நடக்கிறதுக்கு யாராவது ரோடு போடுவானா?" என்றார். பிறகு சீட்டைத் தட்டிப் பார்த்தார். "இனிமே நம்ம காட்டு ரோடு எல்லாத்தையும் இந்தக் கார்லதான் பார்க்கணும்" என்றார்.

கார் ராஜாவோடு இறங்கிப் போனது. நான் நடந்து மாமியார் வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது.

"நல்ல ரோடுன்னு ராஜாவே சொல்லிட்டாராமே" என்றாள் பேச்சிக்கனி. "அப்ப என் இடுப்பை உடைச்சது நீங்க ஓட்டின லட்சணம்தானே?"

"காரைச் சரிபண்ணிட்டேன். நீயே வந்து பாரு."

"எதுல வர்றது?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கப்பழத்துக்குப் பக்கத்துக் காட்டு ரோடும் கிடைத்துவிட்டது. எனக்கு அவன் தரவேண்டிய ரோடு இன்னும் பாக்கி. கேட்டால், "அதான் போட்டாச்சே அண்ணாச்சி, ராஜா தூங்கிட்டே வந்தாரே" என்கிறான்.

நீதி: ரோடு போட்டவன் மாட்ட வேண்டுமென்றால், உன் காரைப் பழுதாகவே வைத்திரு.