மாமனார் மூன்று முறை கரைக்கு வந்த கதை

கைத்தொழில் தெரிந்த மாப்பிள்ளை ஒரு குடும்பத்துக்கு வரமாகவும் அமையலாம், இம்சையாகவும் அமையலாம். நான் எந்த ரகம் என்பதை, என் மாமனாரின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று கடலூர்க் கடற்கரையே கூடி நின்று பார்த்தது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்குச் சூளை மேற்பார்வை வேலை. (சூளைக்குள் நடப்பது கடவுளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிவேன். கடவுளுக்குத் தெரிந்திருக்கும்.) மாமாவும் அதே பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் மெஷினில் முப்பது வருஷம் நின்றவர். ஆறு நாள் களிமண், ஏழாம் நாள் கடல். ஞாயிறு விடிந்ததும் தூண்டில் கழியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னவர் ராத்திரிச் சாப்பாடு ஆறிய பிறகு வருவார். கையில் எப்படியும் மீன் இருக்கும்.

அத்தை மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "வாயில முள்ளு குத்துன காயமே இல்லையே. மார்க்கெட்ல புடிச்சீங்களா?"

"அது வேற வகை மீனு. தானா வந்து கூடையில குந்திக்கும்" என்பார் மாமா, முகத்தில் சின்னச் சலனம்கூட இல்லாமல். அந்த மனிதரை எனக்கு என் அப்பாவைவிடப் பிடிக்கும். இதை என் அப்பாவிடமே சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "மணிமுத்தாத்துல கரைச்சுடாதீங்க மாப்ள. அதுல தண்ணி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், நான் மணல்லயே குந்திகினு இருக்கணும். கடல்ல உட்டுடுங்க."

உடைந்துபோனேன். கொள்ளி போட்ட மச்சான், லீவு முடிந்து மஸ்கட் திரும்பிவிட்டதால் கரைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஊரில் எல்லாரும் செய்வதுபோல் ஒரு மண் கலயத்தில் எடுத்துப் போயிருந்தால் விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருஷம் பீங்கானில் உழைத்தவரை மண் சட்டியில் அனுப்புவதா? என் தொழில் திறமை அத்தனையும் திரட்டி ஒரு ஜாடி செய்தேன். மின்கம்பத்து இன்சுலேட்டருக்கான களிமண், கடல் நீலத்தில் மெருகு, மேலே இறுக்கமான மூடி. பஸ்ஸில் சிந்திவிடக் கூடாதே என்று மூடியைச் சுற்றிப் பேட்டையிலேயே சிறந்த பசையால் ஒட்டியும் விட்டேன்.

"அழகா இருக்குது மாப்ள" என்றார் அத்தை, கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பாராட்டி. நான் தரையில் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாள் காலையில் கடலுக்குப் போனோம். காரியம் செய்பவர் மந்திரம் சொல்லி முடித்துவிட்டு என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். "கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்க. தோளுக்கு மேல பின்னால எறியுங்க. எறிஞ்சுட்டு யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது, நேரா நடக்கணும்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிந்தேன். அழுதபடியே நடந்தேன். கரையில் அத்தையும் என் மனைவி செல்வியும் எனக்கு முன்னால் நடந்தார்கள். மச்சானும் பார்க்கட்டும் என்று செல்வி மொபைலில் வீடியோ கால் போட்டு, முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அதாவது, எங்களுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடிந்த ஒரே ஆள் மஸ்கட்டில் இருந்தான்.

"அக்கா" என்றது மொபைல். "அப்பா வராரு."

"அழாதடா" என்றாள் செல்வி.

"அழல. பின்னாடியே வராரு."

என் குதிகாலில் டொக்கென்று ஏதோ இடித்தது.

காற்றுப் புகாமல் மூடிய ஜாடி மிதக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். சூளை மேற்பார்வையாளனுக்குத் தெரியவில்லை. இன்னும் ஆழத்துக்குப் போய் எறிந்தேன். திரும்பாமல் நடந்தோம். மச்சான் நேர்முக வர்ணனை கொடுத்தான். "வளையறாரு... அலை தூக்குது... வந்துட்டாரு." மூன்றாவது தடவை என்னைத் தாண்டிப்போய் அத்தையின் காலடியில் நின்றார் மாமா.

காரியம் செய்பவர் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வந்து ஜாடியைத் தட்டிப் பார்த்தார். "மூடியத் தொறந்து கொட்ட வேண்டியதுதானே சார்?"

"ஒட்டியிருக்குங்க."

"அப்ப ஒடைங்க."

உடையவில்லை. மணலில் அடித்தேன், துடுப்புக் கட்டையால் அடித்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே குறையில்லாத சரக்கு அதுதான். மாமா கடைசியாகக் கேட்ட ஒரே விஷயத்தைக்கூடச் செய்து கொடுக்க முடியவில்லையே என்று ஜாடியைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை வந்து என் மடியிலிருந்து ஜாடியை எடுத்தார். இனி நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பேசியது ஜாடியிடம்.

"அத்தனை வருசம் சீக்கிரம் வூட்டுக்கு வா வான்னேன், வரல. இப்ப போ போன்னா போவ மாட்டேங்கற."

சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். பதினைந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு அதே சிரிப்பு அழுகையானது.

மீனவர் தன் ஃபைபர் படகிலிருந்த நங்கூரத்தால் மூடியை நாலு போடு போட்டார். மூடி மட்டும் பெயர்ந்தது. "நடுக்கடல்ல கொண்டுபோய்த் தூவிடலாம், ஏறுங்க" என்றார். நான் எழுவதற்குள் அத்தை ஏறியிருந்தார்.

மீன் நாத்தம் என்று சொல்லி ஒரு ஞாயிறுகூட மாமாவோடு கடலுக்குப் போகாதவர். அலை தாண்டியதும் அத்தை ஜாடியைச் சாய்த்துத் தன் கையாலேயே கொட்டினார். சாம்பல் தண்ணீரில் பரவி மறைந்தது. படகு கரைக்குத் திரும்பியபோது நான் விதிப்படி நேராகப் பார்த்தேன். அத்தை கரை வந்து சேரும்வரை பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் விதியைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

காலி ஜாடி இப்போது அத்தை வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே மாமாவின் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும். ஹெல்மெட்டை மறந்து நான் பாதி வழியில் திரும்பி வந்தால், "ஜாடி வந்துடுச்சு" என்று செல்வி உள்ளே குரல் கொடுப்பாள். கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்காரும் சொந்தக்காரர்களுக்கும் அதுதான் பெயர்.

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் கடலுக்குப் போகிறோம். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு நான் நேராக நடப்பேன். பின்னாலிருந்து அத்தை கூப்பிடுவார்.

"ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டே போங்க மாப்ள. வந்தாலும் வருவாரு."

எல்லாருமே நின்று திரும்பிப் பார்ப்போம்.