பதினான்கு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அறையில் இருந்தவர்கள்:

கவியரசன், தலைவர். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மேற்பார்வையாளர். வாகனம்: மனைவியின் ஸ்கூட்டி, மனைவிக்குத் தேவைப்படாத நேரங்களில்.

ஜெகபர் அலி, செயலாளர். துபாயில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே கடை வைத்திருப்பவன். அங்கே ஒரு ஷோரூமில் கெஸ்ட்ரா காருக்குள் நாற்பது விநாடி உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்தோராவது விநாடி இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

நீலமேகம், உறுப்பினர். மண்டபத்தூரில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். சமோசாவுக்காக வருகிறவர்.

பாரதிப்ரியா, தலைவரின் மனைவி. சமோசாத் தட்டை வைக்க மட்டும் உள்ளே வந்தாள்.

வராதது: கார்.

"மச்சான், முடிஞ்சுது உன் கதை" என்று ஜெகபர் அலி செல்போனை நீட்டினான்.

ஏதோ ஒரு மலைப்பாதை. கூரையை மடக்கிய சிவப்பு நிற கெஸ்ட்ரா. புது மாடல். நம்பர் பலகையில் பி.ஒய். 02.

"நம்ம ஊரு நம்பரு" என்றான் ஜெகபர் அலி.

கவியரசனின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

கெஸ்ட்ரா என்பது இரண்டே சீட் உள்ள, எடை குறைந்த வெளிநாட்டுக் கார். அதற்குக் காரைக்காலில் ரசிகர் மன்றம் வைத்துப் பத்து வருடம் ஆகிறது. மன்றத்தில் யாரும் அந்தக் காரை ஓட்டியதில்லை. அதனால் அவர்கள் அபிப்பிராயத்தை அனுபவம் கெடுக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனி காரைப் புதுப்பித்து வெளியிட்டது. எடை பதினான்கு கிலோ கூடியிருந்தது. கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்திருந்தார்கள். மன்றம் அவசரமாகக் கூடி, புது மாடலை யாரும் வாங்குவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பழைய மாடலையும் யாரும் வாங்கியிருக்கவில்லை என்பது தீர்மானத்தில் இல்லை.

அதோடு நின்றிருக்கலாம். கவியரசன் வீடியோ போட்டான்.

"காரைக்கால் மண்ணுல பொறந்த ஒருத்தன் இந்தப் புது மாடலை வாங்கட்டும், அன்னைக்கே என் மீசையை எடுத்துடறேன்!"

அதை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஐஸ் கம்பெனியில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்திருந்தார்கள். அங்கே அவனுக்குப் பெயரே மீசை சார்தான். அவன் சத்தம் போட்டால் யாரும் பயப்படுவதில்லை, மீசையைத் தடவினால் மட்டும் ஐஸ் கட்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுவார்கள். அவனுடைய மொத்த அதிகாரமும் மூக்குக்குக் கீழேதான் இருந்தது.

"பதினாலு கிலோங்கிறது ஒரு வஞ்சிர மீனு தம்பி" என்றார் நீலமேகம், வாயில் சமோசாவோடு. "என் வலை நனைஞ்சாலே அதைவிடக் கனம் கூடும். இதுக்குப் போயி மீசையைப் பந்தயமா வச்சியே."

"அண்ணே, உங்களுக்கு இது புரியாது."

"புரியலதான். பிளேடு இருக்கா வீட்ல?"

"இருங்க. நம்ம ஊரு நம்பர்னா நம்ம ஊரு ஆளா? இங்க வரி கம்மின்னு கோயம்புத்தூர்க்காரன், கொச்சிக்காரன்லாம் எவன் வீட்டு அட்ரஸையாவது குடுத்துப் பதிஞ்சுட்டுப் போறான். இது அந்தக் கேஸுதான்."

"அப்ப நிரூபி" என்றான் ஜெகபர் அலி.

"நிரூபிக்கிறேன். மனு போடுறேன். ஆபீஸ்லேர்ந்து நேர்ல வந்து விசாரிக்க வைக்கிறேன். எந்த வீட்டுக்காரன் அட்ரஸைக் குடுத்தானோ, அவனைக் கம்பி எண்ண வைக்கல, என் பேரு கவியரசன் இல்ல."

காலித் தட்டை எடுக்க வந்த பாரதிப்ரியா கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டாள். ஏதாவது சினிமாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கீழே போனாள்.

திங்கட்கிழமை கவியரசன் லீவு போட்டு மனு எழுதினான். ஒன்பது பக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸில் தபால் வாங்கும் ஜன்னலில் கொடுத்தான். புதன்கிழமை போன் வந்தது.

"வண்டி பதிவு ஆபீஸ்லேர்ந்து முத்தையன் பேசறேங்க. கவியரசன்தானே? அந்தக் கெஸ்ட்ரா விஷயமா வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். மாடில இருக்கறவரையும் இருக்கச் சொல்லுங்க."

கவியரசன் உடனே செயலாளரையும் உறுப்பினரையும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினான். பிறகு மனைவியிடம் போய் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆபீஸ்லேர்ந்தே தேடி வர்றாங்க. மாடில மன்றம் நடக்கறதுகூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

"எதுக்கு வர்றாங்க?"

"ஒரு கெஸ்ட்ரா கார். பொய் அட்ரஸ் குடுத்துப் பதிஞ்சிருக்கான். மனு போட்டிருக்கேன்."

ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்த பாரதிப்ரியா நின்றுவிட்டாள்.

"செவப்புக் காரா?"

"ஆமா."

"ரெண்டே சீட்டா?"

"ஆமா. உனக்கு எப்படி..."

"என்னங்க, நாற்காலில உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். வீடு அவள் பெயரில் இருந்தது. அப்பா கொடுத்தது.

"கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரு, கதிரவன்னு பேரு. என்கூட வேலை பாக்குற தீபாவுக்குச் சொந்தம். மாடிய வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு பேப்பர் மட்டும் வேணும், காசு தர்றேன்னாரு. குடுத்தேன். மாடி சும்மாதானே கெடக்குது."

"சும்மா கெடக்குதா? அங்க நாங்க கூடுறோம்!"

"அதைத்தாங்க சொல்றேன்."



"அந்தக் காசை வாங்கி என்ன பண்ணின?"

"வாரா வாரம் சமோசா யாரு வாங்குறா? நீங்களா?"

கதிரவனுக்குப் போன் போட்டார்கள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தினார். "நான் ஊட்டில இருக்கேனுங்! கூரையை மடக்கிட்டுப் போய்ட்டிருக்கேன், ஒண்ணும் கேக்கலீங்! வண்டி சும்மா பறக்குதுங்!" போன் அறுந்தது.

"பதினாலு கிலோ கூடியுமா?" என்றான் கவியரசன், அறுந்த போனிடம்.

"மனுவை வாபஸ் வாங்குங்க."

முத்தையனைக் கூப்பிட்டான். "நேர்ல பேசிக்கலாங்க, ஆர்வமா இருக்கேன்" என்று அவர் வைத்துவிட்டார். ஆர்வம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கவியரசன் எழுந்து வாசல் கதவைச் சாத்தினான்.

பாரதிப்ரியா ஒப்பந்தப் பேப்பரை எடுத்து வந்து விரித்தாள். அதில் கதிரவனின் சின்னப் போட்டோ ஒட்டியிருந்தது. வட்ட முகம், நடு வகிடு. அவள் போட்டோவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றான் கவியரசன்.

"முகவெட்டு அப்படியே இருக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான் அதிகமா இருக்கு."

"பாரதி, வேண்டாம்."

"கம்பி எண்ண வைப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க? யாரு எண்ணப் போறா? நானு."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளியலறையில் காரியம் முடிந்தது. பதினெட்டு வருட மீசை. வெளியே வந்தவனைப் பார்த்துப் பால்காரர், "வீட்ல யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

மாடியில் கட்டில் போட்டார்கள். கொடியில் இரண்டு கைலி தொங்கவிட்டார்கள். மன்றத்தின் பேனரைத் திருப்பி மாட்டினார்கள். கூட்டம் ரத்து என்று கவியரசன் மன்றத்துக்குச் செய்தி அனுப்பினான். அது பெரிய தப்பு. பத்து வருடத்தில் ஒரு கூட்டம்கூட ரத்தானதில்லை. என்னவோ ஏதோ என்று ஜெகபர் அலி கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினான். போகிற வழியில் நீலமேகத்தையும் ஏற்றிக்கொண்டான்.

பத்து மணிக்கு முத்தையன் வந்தார். ஐம்பது வயது, கையில் ஹெல்மெட், தோளில் பை. பாரதிப்ரியா மாடிக்கு அழைத்துப் போனாள்.

"கீழ் வீட்டுக்காரர் கவியரசன் இல்லீங்களா?"

"வேலைக்குப் போயிட்டாருங்க. இவருதான் மாடில குடியிருக்காரு. கதிரவன் சார்."

முத்தையன் கவியரசனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தார்.

"சொல்லுங்க சார். வண்டி எப்படி?"

"நல்லா இருக்கு."

"அப்படிப் பொத்தாம் பொதுவா சொன்னா எப்படி? உண்மையான ஓனர்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் சிரித்தார். கவியரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. "எடை கூடிருச்சுன்னு சொல்றாங்களே. ஓட்டும்போது தெரியுதா?"

வாசற்படியில் நிழல் விழுந்தது. ஜெகபர் அலியும் நீலமேகமும் நின்றார்கள். பாரதிப்ரியா புருஷனையே பார்த்தாள்.

"தெரியவே தெரியாது சார்" என்றான் கவியரசன். "பதினாலு கிலோல்லாம் ஒரு எடையா? ஒரு வஞ்சிர மீனு."

நீலமேகம் தலையை ஆட்டினார்.

"அந்தப் பட்டன் ஹேண்ட்பிரேக்கு?"

கவியரசன் ஜெகபர் அலி பக்கம் பார்க்காமல் சொன்னான். "வசதி."

"பழசை விடவா?"

"பழசுக்கெல்லாம் யாரு சார் கையை ஒடிச்சிக்கிறது?"

"அல்லாஹ்வே!" என்றான் ஜெகபர் அலி.

"கூரையை மடக்கிட்டுப் பீச் ரோட்ல போனா எப்படி இருக்கும்?" முத்தையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"காத்து மூஞ்சில அடிக்கும் சார். மீசை..." கவியரசனின் கை மேலே போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. "மத்தவங்களுக்கு மீசை பறக்கும்."

"அடப்பாவி!" ஜெகபர் அலி உள்ளே வந்துவிட்டான். "நீதான் வாங்கினியா? எங்களை உக்கார வச்சு ரெண்டு மாசமா திட்ட விட்டுட்டு, நீயே வாங்கினியாடா?"

"கதிரவன் சார், உங்க ஃப்ரெண்ட்ஸு வந்திருக்காங்க பாருங்க" என்று பாரதிப்ரியா குறுக்கே விழுந்தாள்.

"கதிரவனா? பேரை வேற மாத்திக்கிட்டியா?"

நீலமேகம் கவியரசனின் மேலுதட்டைக் கூர்ந்து பார்த்தார். "இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான்பா. வாங்கினான், எடுத்துட்டான். ஆம்பளை."

"நான் ராஜினாமா" என்றான் ஜெகபர் அலி. "பட்டனைப் போய் வசதின்னு சொல்லிட்டியேடா. இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்." அவன் தடதடவென்று படியிறங்கினான். நீலமேகம் தட்டு எதுவும் வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

முத்தையன் எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "வண்டி எங்க நிக்குது?"

"ஊட்டில. என் மச்சினன் எடுத்துட்டுப் போயிருக்கான்."

முத்தையனின் முகம் தொங்கிவிட்டது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கைது வாரண்டே வந்த மாதிரி புருஷனும் மனைவியும் பின்னால் ஓடினார்கள். கேட்டருகே கவியரசன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"சார், அந்த மனு மேல என்ன நடவடிக்கை எடுக்கப் போறீங்க?"

"மனுவா? அதை அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாங்களே. ஒன்பது பக்கமும் ஹேண்ட்பிரேக்கைப் பத்தி எழுதிட்டு, வண்டி நம்பரை எழுதாம விட்டுட்டாரு அந்தக் கீழ் வீட்டு மனுஷன். மனு குடுத்தவர் அட்ரஸைப் பாத்ததும்தான், அட, இந்த வீட்டு மாடிலதானே அந்த வண்டி பதிவாயிருக்குன்னு எனக்கு ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து ஆசைங்க. ஒரு தடவ உக்காந்து பாத்துடலாம்னு லீவு போட்டுட்டு வந்தேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்று மாடியை ஏக்கத்தோடு பார்த்தார். "பரவாயில்ல கதிரவன் சார். ஞாயித்துக்கிழமை வர்றேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

கவியரசன் மூஞ்சியைத் தடவிக்கொண்டு, முத்தையன் இன்னும் நிற்பதை மறந்து, பழக்க தோஷத்தில் கீழ் வீட்டுக்குள் நுழையப் போனான்.

"சார்" என்றாள் பாரதிப்ரியா, வாசலை மறித்துக்கொண்டு. "உங்க வீடு மேல."

அவன் திரும்பியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.