அரசருக்காக அரை நிமிடம்

"கடைசிப் பாட்டின் நடுவில் வரும் அந்த அரை நிமிடமும் ஓர்கன் வாத்தியம் இல்லை. பெண்குரல்கள் இல்லை. கீழ்க்குரல் ஆண்கள் மட்டும்தான்," என்றார் கிர்ஸ்ரன்.

அந்தோனிதாசனுக்குக் குளிர்ந்தது. கோட்டைத் தேவாலயத்தில் எந்த நாளும் குளிர்தான். ஆனால் இது உள்ளேயிருந்து வந்த குளிர்.

அவர் வசிக்கும் கோல்டிங் நகரிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் அந்தக் கோட்டை. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் டென்மார்க் அரசர் ஒருவர் கோடைகாலத்தில் வந்து தங்கிய இடம். அவர் பூசையில் கேட்ட பாடல்களை, அவர் கேட்டபடியே அச்சொட்டாகப் பாடுவதுதான் இந்தப் பாடகர் குழுவின் ஒரே இலட்சியம். அதைப் பற்றிக் குழுத்தலைவி கிர்ஸ்ரன் பன்னிரண்டு பக்கக் கைநூல் ஒன்று எழுதியிருந்தார். குழுவில் எல்லோரும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். வாசித்தவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

"பூமியே எழுந்து நின்று இறைவனைத் துதிப்பது போல இருக்கவேண்டும்," என்று கிர்ஸ்ரன் கீழ்க்குரல்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

பூமியின் சார்பில் அங்கே மூன்று பேர் நின்றார்கள். ஓய்வு பெற்ற பல்வைத்தியர் ஏரிக், பள்ளிக்கூட வாத்தியார் தோர்கில், யன்னல் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அந்தோனிதாசன். மூன்றாமவர் குழுவில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. ஒரு தடவைகூட அவர் பாடியதில்லை.

அது இப்படி நடந்தது. ஆண்குரல்கள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துவிட்டுச் சும்மா எட்டிப் பார்க்கப் போனார். கிர்ஸ்ரன் வேகமான டெனிஷில் மூன்று கேள்விகள் கேட்டார். விளங்காத கேள்விக்கெல்லாம் "யா" என்று சொன்னால் நல்லதே நடக்கும் என்பது இந்த நாட்டில் முப்பத்திரண்டு வருடத்தில் அந்தோனிதாசன் கண்ட உண்மை. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, இரண்டு தடவை இலவசமாகக் கண்ணாடியும் கிடைத்தது. ஆகவே மூன்று தடவை "யா" என்றார். மூன்றாவது கேள்வி, இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியுமா என்பது.

முதல்நாள் கையில் தந்த தாளில் யாரோ மிளகைக் கொட்டியது போலிருந்தது. பக்கத்தில் நின்ற ஏரிக்கின் வாயைப் பார்த்தார். அது திறந்தபோது தன் வாயையும் திறந்தார். அது மூடியபோது மூடினார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த கிழமையே போகாமல் நின்றிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை ஒத்திகைகளில் இடைவேளைக் கோப்பியின்போது அவருக்கென்று ஒரு கதிரையை இழுத்து வைத்துக்கொண்டு "இங்கே, அந்தோனி!" என்று கூப்பிட்டார்கள். தொழிற்சாலையில் முப்பது வருடமாக அப்படி ஒரு கதிரை இருந்ததில்லை. பிறகு, நாலு பக்கமும் குரல்கள் எழும்ப நடுவில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது. அந்தச் சுகத்துக்கு அவரிடம் பெயர் இல்லை. அதை இழக்க மனமும் இல்லை.

பிழை எங்கே விட்டார் என்றால், கோட்டைக் கச்சேரியில் பாடப்போவதாக வீட்டில் சொன்னதில்தான்.

தமிழ்ப் பூசையில் அவர் பாடத் தொடங்கினால் முழங்கையால் இடிக்கிறவள் மனைவி மேரிகிறேஸ். "டெனிஷ்காரருக்குப் பிடிச்ச குரல் வேறயாக்கும்," என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் இஷொய் நகரிலிருக்கும் தம்பி டெனிஸ்ரனுக்குச் சொல்லிவிட்டாள். டெனிஸ்ரனுக்குச் சொல்வதும் ஊருக்கே ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று. அன்றைக்கே முகநூலில் படம் போட்டுவிட்டான்: 'டென்மார்க் அரசவையில் பாடும் முதல் தமிழன்.'

"டேய், ராசா செத்து முந்நூறு வருசமடா," என்றார் அந்தோனிதாசன்.

"அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அத்தான்? ராசா ஆகலும் நேரத்தோட செத்திட்டார். நாங்கள் பஸ் பிடிச்சு வாறம்."

மாசி மாதப் பனிச்சறுக்கு விடுமுறை வந்தது. தோர்கில் நோர்வேக்குப் போய்க் காலை முறித்துக்கொண்டார். கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கையில் பூமி இரண்டு பேராகச் சுருங்கியது.

தொண்டை சரியில்லை, வர ஏலாது என்று குழுவுக்குச் செய்தி அனுப்பினார் அந்தோனிதாசன். அரை மணித்தியாலத்தில் ஏரிக் கைவிளக்கோடு வாசலில் நின்றார்.

"வாயைத் திற."

அது ஒன்றுதான் அவருக்கு நன்றாகப் பழக்கம். திறந்தார்.

"தொண்டை அருமையாக இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் மட்டும் ஓர் ஓட்டை," என்றார் ஏரிக். பிறகு அவருடைய தோளை இறுக்கிப் பிடித்தார். "நீ வராமல் விடக்கூடாது, அந்தோனி. கேட்டுக்கொள். விடவே கூடாது."

சரி, பாடாமல் தப்ப ஏலாது. பார்க்க வருகிறவர்களையாவது தடுப்போம் என்று டெனிஸ்ரனை அழைத்தார்.

"டெனி, ரிக்கற் எல்லாம் முடிஞ்சுதாம். பஸ்ஸை நிப்பாட்டு."

"அப்பிடியோ? பொறுங்கோ, நான் கதைக்கிறன்."

மறுநாள் டெனிஸ்ரன் துள்ளிக்கொண்டு அழைத்தான். "அத்தான், கோட்டை ஒபிசுக்கு அடிச்சன். நூற்றிருபது ரிக்கற்றில பதினாலுதானாம் போயிருக்கு! நாங்கள் நாப்பத்தெட்டுப் பேர் எண்டதும் அந்த மனுசி அழாத குறை. முன் ரெண்டு வரிசையும் எங்களுக்குத்தான். முந்தி ராசாவின்ர ஆக்கள் இருந்த வாங்காம்!"

அந்தச் செய்தி கிர்ஸ்ரனின் காதுக்கும் போனது. இருபது வருடத்தில் நாற்பத்தெட்டுப் பேர் ஒன்றாக வருவது இதுதான் முதல் தடவை. நன்றிக்கடனாக, பின்வரிசையில் நின்ற கீழ்க்குரல்களை முன்வரிசைக்கு மாற்றினார். அந்தோனிதாசனை நட்டநடுவில் நிறுத்தினார்.

இனி உண்மையைச் சொல்லாமல் இருக்க ஏலாது. கடைசி ஒத்திகை முடிந்ததும் கிர்ஸ்ரனைத் தனியே பிடித்தார்.

"கிர்ஸ்ரன், நான் ஒன்று சொல்லவேண்டும். நான் பாடுவதில்லை."

கிர்ஸ்ரனின் கண்கள் நனைந்தன. தன்னைப் பெருமையாகச் சொல்வது டென்மார்க்கில் களவெடுப்பதை விடக் கேவலம். தாழ்த்திச் சொல்கிறவரைக் கண்டால் உருகிப்போவார்கள்.

"எவ்வளவு அழகாகச் சொன்னாய்! நாங்கள் யாருமே பாடுவதில்லை, அந்தோனி. இசைதான் எங்களூடாகப் பாடுகிறது."

"அப்படியில்லை. உண்மையாகவே நான்..."

"இதைக் கைநூலில் சேர்க்கப்போகிறேன்," என்று கட்டிப்பிடித்தார். சேர்த்தும் விட்டார். கைநூல் பதின்மூன்று பக்கமானது.

மிச்சம் இருந்தது ஏரிக் மட்டும்தான். கச்சேரியன்று பின்னறையில் கோப்பிக் கோப்பையோடு நின்றவரிடம் போனார்.

"ஏரிக், அந்த அரை நிமிடம் கொஞ்சம் பலமாகப் பாடு. எனக்காக."

ஏரிக்கின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "நீயும்தான்," என்றார்.

நாற்பத்தெட்டுப் பேரும் குளிரங்கிக்குக் கீழே பட்டுச்சேலைக் கரையும் வேட்டிக் கரையும் தெரிய வந்து முன்வரிசை வாங்குகளில் குந்தினார்கள். டெனிஸ்ரன் பொன்னாடை கொண்டுவந்திருந்தான். யாரும் பாட முன்னமே இரண்டு தடவை கைதட்டினான். பின்னால், வாசலுக்கு மேலிருந்த மாடத்தில், ஓர்கன்காரி இங்கர் பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். வயது எழுபத்தாறு. இடைவேளைகளில்கூடக் கீழே இறங்கி வராத மனுசி.

பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பாட்டின் நடுவில் கிர்ஸ்ரன் கையை இறக்கினார். பெண்குரல்கள் நின்றன. ஓர்கன் நின்றது. கிர்ஸ்ரன் கண்களை மூடிக்கொண்டு, பூமியை எழும்பச் சொல்லி இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினார்.

அந்தோனிதாசன் ஏரிக்கின் வாயைப் பார்த்தார். ஏரிக் அந்தோனிதாசனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

'மாதாவே,' என்று நினைத்துக்கொண்டு அந்தோனிதாசன் வாயைத் திறந்தார். ஏரிக்கும் திறந்தார்.

சத்தம் வந்தது. கனமாக, கல்லுக்குள்ளிருந்து வருவது போல, எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல ஏலாதபடி வந்தது. வாங்குகள் நடுங்கின. மேரிகிறேஸின் காப்புகள் தாமாகக் கிணுகிணுத்தன. முடிந்தால் போதும் என்ற அவசரம் அந்தோனிதாசனுக்கு இல்லாமல் போனது. திறந்த வாயை மூட மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். சத்தமும் பிடித்துக்கொண்டு நின்றது.

முடிந்ததும் கிர்ஸ்ரன் விம்மினார். டெனிஸ்ரன் வாங்கின் மேல் ஏறி நின்றான்.

"அத்தான்! என்ர நெஞ்செல்லாம் அதிர்ந்திட்டுது! ஒரு சொல்லுகூட விளங்கேல்லை. ஆனா என்ன குரல்!" என்று பொன்னாடையைப் போர்த்தினான்.

"உந்தக் குரலை வச்சுக்கொண்டே இவ்வளவு நாளும் என்னட்ட இடி வாங்கினனீங்கள்?" என்றாள் மேரிகிறேஸ். அவள் கண்கள் கலங்கியிருந்ததை அவர் கலியாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார்.

கூட்டம் சற்று விலகியதும் ஏரிக் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்தார். "நன்றி, அந்தோனி. என்னைக் காப்பாற்றிவிட்டாய்."

"நானா? நீயல்லவா பாடினாய்?"

"நான் பாடிப் பதினொரு வருடமாகிறது. முன்பெல்லாம் தோர்கிலின் வாயைப் பார்ப்பேன். நீ வந்த நாளிலிருந்து உன் வாயைப் பார்க்கிறேன்."

இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பி ஓர்கன் இருந்த மாடத்தைப் பார்த்தார்கள்.

படியேறிப் போனபோது இங்கர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதிக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கடைசியில் வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பார்களா? நீங்கள் மூடும்வரைக்கும் நான் ஓர்கனின் கால்கட்டைகளை மிதிக்கவேண்டியிருக்கிறது," என்று சினந்தார்.

அந்தோனிதாசன் பொன்னாடையைக் கழற்றப் போனார். "கிர்ஸ்ரன் ஓர்கன் வேண்டாம் என்றாரே. எல்லாம் அரசர் கேட்டபடியே இருக்கவேண்டும் என்று..."

"அரசர் கேட்டபடியேதான் இருந்தது," என்ற இங்கர், கம்பளிநூல் பைக்குள் கைவிட்டு, அரசவை ஓர்கன்காரர் அந்தக் காலத்தில் வைத்து வாசித்த தாளின் பிரதி ஒன்றை எடுத்தார். அதன் ஓரத்தில் கிடந்த பொடிக் கையெழுத்தைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "'கீழ்க்குரல்காரர் வழமைபோல வாயை மட்டும் அசைப்பார்கள், நான் மிதிக்கிறேன். அரசருக்குச் சொல்லவேண்டாம்.'"