அமலதாஸின் சாக்பீஸ் அறை

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அமலதாஸ் விசில் ஊதினால் பஸ் நிற்கும். இன்னொரு தடவை ஊதினால் கிளம்பும். தனியார் பஸ் கம்பெனியில் அவர் டைம் கீப்பர். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு டயர் நின்றாலும் விடமாட்டார். "கோடு இன்னாத்துக்குய்யா போட்டிருக்கு, அழகுக்கா?" என்று கேட்டு, எப்பேர்ப்பட்ட டிரைவரையும் பின்னால் எடுக்க வைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் சாயந்தரம் திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பை எங்கே கழற்றுவது என்பதற்குக்கூட லூர்துசெல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். தனக்கென்று ஓர் அறை. அதில் ஒரு கட்டில், தலைக்கு மேலே ஒரு ஃபேன், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். யாரும் "ஏங்க" என்று கூப்பிடக் கூடாது.

அதற்கு வழியும் இருந்தது. வீட்டின் பின்பக்கம் ஒரு பெரிய கூடம், மேலே தளம் போட்டு, சிமெண்ட் தரையும் போட்டு, உள்ளே தடுப்புச் சுவர் மட்டும் இல்லாமல் பல வருஷமாகக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் மேஜை போட்டு அடுப்பு வைத்துச் சமையல் நடந்துகொண்டிருந்தது. குளியல் தோட்டத்தில், தகர மறைப்புக்குள். துவையல் முருங்கை மரத்தடியில், கல்லில். பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மகள் பவுலின் ஆசையாக வாங்கி அனுப்பிய வாஷிங் மிஷின், பைப்பும் இல்லாமல் தண்ணீர் போக வழியும் இல்லாமல், அட்டைப் பெட்டியோடு முன்கூடத்தில் நின்றது. அதன் மேல் ஒரு பூப்போட்ட விரிப்பு, விரிப்பின் மேல் மாதா சுரூபம். லூர்துசெல்வி தினமும் அதன் முன்னால் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லுவாள். ஜெபம் மாதாவுக்கா மிஷினுக்கா என்று அமலதாஸுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அமலதாஸ் சபதம் போட்டார். அந்தப் பணத்துக்குள்ளேயே கிச்சன், பாத்ரூம், தன் அறை எல்லாவற்றையும் முடிப்பது. இன்ஜினியர் கிடையாது, பிளான் வரைகிறவர் கிடையாது. கோடு போடுவதற்கு எவனுக்கோ எதற்குக் காசு, தன் பிழைப்பே கோடுதானே என்றார். ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வந்து, கூடத்துத் தரையிலேயே உண்மையான அளவில் சுவர் சுவராகக் கோடு கிழித்தார். பாத்ரூம் ஓர் ஓரமாக. கிச்சன் அதற்கு எதிர் ஓரமாக, கொஞ்சம் ஒல்லியாக. நடுவில், தளம் போட்ட காலத்திலேயே மாட்டிய ஃபேன் கொக்கிக்கு நேர் கீழே, ஜம்மென்று தன் அறை.

லூர்துசெல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"துணி துவைக்கிற இடம் எங்கங்க?"

"கல்லு இருக்குதே. கல்லுல அடிச்சாத்தான் அழுக்கு போவும்."

"அப்போ மிஷினு?"

"மாதா நிக்கிறதுக்குத் தோதாத்தானே இருக்குது. இருக்கட்டும்."

அவள் சரி என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிய மனுஷனுக்கு அந்தச் 'சரி'யைக் கேட்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அமலதாஸ் ஜெயித்துவிட்டதாக நினைத்து, இரண்டாவது டீ கேட்டார்.

கொத்தனார் முருகையன் விழுப்புரம் பக்கத்துக் காணையைச் சேர்ந்தவர். கையில் இருக்கும் வேலை முடிந்து மழையும் விட்ட பிறகுதான் வருவேன் என்று சொல்லியிருந்தார். அதுவரைக்கும் சாக்பீஸ் வீட்டிலேயே வாழ்ந்து பார்ப்பது என்று அமலதாஸ் உத்தரவு போட்டார். கட்டிவிட்டு இடித்தால் செலவு, கோட்டை அழித்தால் செலவில்லை என்பது அவர் கணக்கு. அதனால் யாரும் சுவருக்குள் புகுந்து போகக் கூடாது; கதவு என்று விட்டிருக்கிற இடைவெளி வழியாகத்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் ஒரு படி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொடுக்க வந்தவள் நேராக நடந்து அடுப்படிக்குப் போனாள். அமலதாஸ் விசில் ஊதாத குறை. சுவருக்குள்ளே வருகிறாயே என்று அவளைத் திருப்பி அனுப்பி, சுற்றி வரச் சொன்னார். மறுநாளிலிருந்து கோவிந்தம்மாள் காற்றில் மூன்று தட்டுத் தட்டி, "அண்ணே, தொறக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அமலதாஸும் சீரியஸாகத் திறந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டம் போட்டார்.

"என் ரூமுக்குள்ள இருக்கிற எந்தப் பொருளையும் என்னைக் கேக்காம யாரும் தொடக் கூடாது."

"எதையுமேங்களா?" என்றாள் லூர்துசெல்வி.

"எதையுமே. பெத்த பொண்ணு வந்தாலும் சரி, கட்டின பொண்டாட்டியா இருந்தாலும் சரி."

இதிலே ஒரே ஒரு பேஜாரு. வீடு துடைத்தால் கோடு அழிந்துவிடும். அமலதாஸ் குனிந்து மறுபடியும் கோடு போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. லூர்துசெல்விக்கு மனசு கேட்கவில்லை. விழுப்புரம் வரைக்கும் போய் நாள் பூரா நின்றுகொண்டு வேலை செய்கிறவர் வீட்டிலும் குனிய வேண்டுமா, கிறிஸ்துமஸுக்கு வாசல் நிறைய ஸ்டார் கோலம் போட்ட கைதானே, நானே போட்டுவிடுகிறேன் என்றாள். அவரும் மகிழ்ந்துபோய் டப்பாவை அவள் கையில் கொடுத்தார்.

பிசகாத கைதான். கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. என்ன, ஒவ்வொரு தடவை துடைத்துப் போடும்போதும் கிச்சன் சுவர் மட்டும் ஒரு விரக்கடை அவருடைய அறைப் பக்கம் தள்ளி வந்தது. லூர்துசெல்வி சுத்தமான பொம்பளை. தினமும் துடைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அமலதாஸ் தன் அறையில் பாய் விரித்துப் படுத்தார். முழங்கை கிச்சனுக்குள் போனது. போன வாரம் போகவில்லையே என்று எழுந்து உட்கார்ந்து யோசித்தார். லூர்துசெல்வி கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், உடம்பு கொஞ்சம் ஊதிப்போயிருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னாள். அன்று ராத்திரியிலிருந்து சோறு நின்றது. கேப்பைக் களியும் கீரையும் வந்தன. அமலதாஸ் வைராக்கியமாகத் தின்றார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோளும் சேர்ந்து கிச்சனுக்குள் போனது.

"இன்னா செல்வி இது, பேண்ட் லூசாவுது, ரூமு மட்டும் டைட்டாவுதே?"

"எலும்பு கனம்ங்க. உங்க குடும்பத்துலயே அப்படித்தான்."

அப்பாவின் உடம்பை நினைத்துப் பார்த்தார். இருக்கலாம் என்று தோன்றியது.

அதற்கப்புறம் ஒருநாள் லூர்துசெல்வியே அக்கறையாக ஒரு யோசனை சொன்னாள். வெயிலில் பஸ் ஏறி வருகிறவருக்கு, மூஞ்சி கழுவ அவருடைய அறையிலேயே ஒரு பைப்பு, தண்ணீர் போக ஒரு வழி, செல்லுக்கு சார்ஜ் போட ஒரு பெரிய பிளக்கு வைத்துக்கொண்டால் என்ன? அமலதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. துவைக்கிற இடம்கூட இல்லை என்று சொன்ன புருஷனுக்கு இவ்வளவு யோசிக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனார். மறுநாள் விழுப்புரத்தில் டீக்கடை வரைக்கும் போய், நம்ம ரூமு தண்ணி கனெக்ஷனோட என்று சொல்லிவிட்டு வந்தார்.

மழை விட்டதும் முருகையன் வந்தார். தரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"சார், இந்த நடு ரூமுல கட்டிலு எப்படி சார் போடுவீங்க?"

அமலதாஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அது என் பிளான். கோட்டு மேல கல்லை வையி. ஒரு நூல் இப்படி அப்படி வச்சாலும் பிரிக்கச் சொல்லுவேன், பார்த்துக்க."

முருகையன் லூர்துசெல்வியைப் பார்த்தார். அவள் அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அமலதாஸ் வேலைக்குப் போய் வரப் போய் வர, சுவர் ஏறிக்கொண்டே இருந்தது. பூசி முடித்து வெள்ளையும் அடித்த பிறகு, ஃபேன் மாட்ட ஆள் வந்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கிச்சனுக்குள் போனான். அமலதாஸ் பின்னாலேயே ஓடினார். அது என் ஃபேன், என் ரூமுக்கு என்றார். அவன் மேலே கையைக் காட்டினான். கொக்கி கிச்சனில் இருந்தது. அடுப்பு மேடையின் முன்னால், லூர்துசெல்வி நிற்கிற இடத்துக்கு நேர் மேலே.

அமலதாஸ் கொக்கியைப் பார்த்தார். வெளியே போய்த் தன் அறையைப் பார்த்தார். திரும்ப வந்து கொக்கியைப் பார்த்தார். இத்தனை வாரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் தலையைத் தூக்கியிருக்கிறார்.

"செல்வி, இந்தக் கொக்கி என் ரூமுல தானே இருந்துது?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படி இங்க வந்துது?"

"கொக்கி எங்கங்க வரும்? அது தளத்தோட போட்டது." வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "கோடுதான் நவுந்திருக்கும். பிரிக்கச் சொல்லட்டுங்களா?"

பிரிக்கச் சொல்வதற்குச் சீட்டுப் பணம் இல்லை. ஃபேன் மாட்டியாகிவிட்டது. அவன் சுவிட்சைப் போட்டதும் லூர்துசெல்வி அப்படியே நின்று முகத்தை மேலே தூக்கினாள். கழுத்தில் ஒட்டியிருந்த முடி காற்றில் பறந்தது. அடுப்படியில் அவள் முகம் வேர்க்காமல் இருந்து அமலதாஸ் பார்த்ததே இல்லை. அவருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னமோ வந்தது. நன்றாகத்தான் இருந்தது. "சரி, வுடு. இருக்கட்டும்" என்றார். கட்டில் போகாவிட்டால் என்ன, ஒரு சாய்வு நாற்காலி போகும். தாழ்ப்பாள் இருக்கிறது. அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தார். புதுக் கிச்சன் அலமாரியில் மாதா ஏற்கெனவே குடியேறியிருந்தார். ஃபாதர் கிச்சனுக்குத் தீர்த்தம் தெளித்தார், பாத்ரூமுக்குத் தெளித்தார். நடு அறையை நானே காட்டுகிறேன் என்று அமலதாஸ் முந்திக்கொண்டு கதவைத் திறந்தார். சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், பைப்புக்குக் கீழே, தண்ணீர் போகிற வழிக்கு மேலே, பெரிய பிளக்கில் மாட்டி, வாஷிங் மிஷின் பளபளவென்று நின்றது. அவர் பூசைக்குச் சட்டை மாட்டுகிற நேரத்தில் நகர்த்தியிருக்கிறாள். வீட்டிலேயே பைப்பும் வழியும் பிளக்கும் ஒன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதானே.

ஃபாதர் மிஷினுக்கும் இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டு, இனிமேல் அம்மாவுக்கு வேலை சுலபம் என்றார்.

"இல்லீங்க ஃபாதர்" என்றாள் லூர்துசெல்வி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "இது அவரு ரூமு. இங்க இருக்கிற எந்தப் பொருளையும் நாங்க யாரும் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காரு. கட்டின பொண்டாட்டிகூடத் தொடக் கூடாது."

கோவிந்தம்மாள் பின்னால் நின்று, ஆமாம், நானே சாட்சி என்றாள். ஃபாதர் அமலதாஸின் தோளைத் தட்டிக்கொடுத்து, நம்ம கோயில் பங்கில் இப்படி ஒரு புருஷன் இருப்பது எனக்கே இவ்வளவு நாள் தெரியாது, அடுத்த வாரம் பிரசங்கத்தில் சொல்கிறேன் என்றார். அமலதாஸ் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வது?

அன்று களி இல்லை. கறிக்குழம்பும் சோறும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அமலதாஸ் அழுக்குத் துணி மூட்டையோடு தன் அறைக்குள் போனார், தாழ்ப்பாளைப் போட்டார், நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்தில் மிஷின் மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. யாரும் உள்ளே வரவில்லை. நினைத்ததில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது என்று திருப்தியாகக் கண்ணை மூடினார்.

கதவு மூன்று தடவை தட்டப்பட்டது. சட்டத்தை மதிக்கிற பொம்பளை லூர்துசெல்வி, வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏங்க, அடுத்த தடவை வெள்ளைத் துணியைத் தனியா போடுங்க."