பேரரசருக்கு ஆபரேஷன்

உலகத்தில் இன்று உண்மையான மன்னர்கள் ஏழே பேர்தான். அதில் நான் ஒருவன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, மின்னஞ்சலில் ஆதாரம் இருக்கிறது.

எங்கள் போர், பட்டனை அமுக்கிச் சுடுகிற சில்லறை விளையாட்டு அல்ல; வரைபடத்தை வைத்து மின்னஞ்சலில் ஆடுவது. ஒவ்வொரு மன்னரும் வாரமெல்லாம் மூளையைக் கசக்கி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் தம் 'அரசாணை'யை நடுவருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நடுவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை, பல் பிடுங்காத ஓய்வில், ஏழு ஆணைகளையும் சேர்த்துப் பார்த்து, யார் நாட்டைப் பிடுங்கினார்கள் என்று பதில் போடுவார். வருஷக்கணக்காக நடக்கிறது. பகலில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அதை மாறுவேடம் என்று கொள்க.

என் பரம வைரி தென்னாட்டு மன்னர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அவருடைய துறைமுகத்தைப் பிடிக்க நான் பலிகொடுத்த படைவீரர்களுக்குக் கணக்கில்லை. எல்லாரும் காகிதத்தில்தான் செத்தார்கள் என்றாலும் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை, குடல்வால் கலகம் செய்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மனைவியிடம் ஆணையைச் சொன்னேன்.

"எழுதிக்கோ. குதிரைப்படை ஆத்தைக் கடக்கணும். தெற்குக் களஞ்சியத்துக்குத் தீ வைக்கணும்."

"ஐயோ, அப்புறம் அந்த ஜனங்க எதைச் சாப்பிடும்?"

"அது எதிரி ஜனங்க!"

"சார்," என்றார் நர்ஸ், "ராஜ்யத்தை அப்புறம் ஆளலாம். பல்செட் இருந்தா கழட்டுங்க."

தையலில் சீழ் வைத்ததால் ஆஸ்பத்திரி வாசம் நீண்டது. வீடு திரும்பியதும் வரைபடத்தைத் திறந்தேன். கண்ணை நம்ப முடியவில்லை. நாடு இரண்டு மடங்காகியிருந்தது. துறைமுகத்தில் என் கொடி பறந்தது!

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

"தீ வெச்சியா?"

"இல்ல. அங்க பஞ்சமாம். நம்ம தானியத்தை அனுப்பினேன்."

"துறைமுகம் எப்படிக் கிடைச்சது?"

"கேட்டேன். கொடுத்தார்."

"கேட்டியா?"

"ஆமா. 'உங்க வீட்டுக்காரர் ஒருதடவை கேட்டிருந்தா அப்பவே கொடுத்திருப்பேன்'னு எழுதியிருந்தார்."

என் ராஜதந்திரத்துக்கு இதைவிட அவமானம் கிடையாது. உடனே ஆட்சியைக் கைப்பற்றினேன். அவள் போட்டிருந்த நட்பு ஒப்பந்தத்தைக் கிழித்துப் போர் தொடுப்பது என்று முடிவு செய்து, எதிரியின் பலவீனத்தை அறிய அவளும் அவரும் நடத்திய கடிதப் போக்குவரத்தைத் துருவினேன். கடைசிக் கடிதத்தில் தென்னாட்டு மன்னர் எழுதியிருந்தார்: 'வணக்கம்மா. சார் தேறிவருவதில் மகிழ்ச்சி. பேங்கில் மேனேஜராகிப் புது பிராஞ்சுக்குப் போனீர்களே, வேலை பழகிவிட்டதா? பஸ் மாறிப் போவது இன்னும் சிரமமாக இருக்கிறதா?'

இரண்டு தடவை படித்தேன்.

"நீ மேனேஜரா?"

"ம்."

"எப்போலேர்ந்து?"

"மூணு மாசமாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னேனே. ஆர்டர் வந்த அன்னிக்கே, இதே நாற்காலிகிட்ட வந்து நின்னு சொன்னேன். 'இரு, இதை அனுப்பிட்டு வந்து கேக்கறேன்'னீங்க."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் அனுப்பிக்கிட்டுதான் இருக்கீங்க."